ஒரே கல்லுக்கு நான் சொன்ன நான்கு கதைகள்

வாய்க்கால் பூங்காவில் வழிகாட்டிகளாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். ஓய்வு பெற்றவனிடம் அனுபவம் கேட்டால் அவன் மாட்டேன் என்றா சொல்வான்? உடனே ஒப்புக்கொண்டேன். பிறகுதான் யோசித்தேன். வாய்க்காலின் நீளம், அகலம், எந்தக் காலத்தில் யார் வெட்டியது, யார் திருத்திக் கட்டியது என்பதெல்லாம் உங்களுக்குத் தந்த கையேட்டில் இருக்கிறது. என்னைவிட நன்றாகவே பாடமாக்கியிருப்பீர்கள். கையேட்டில் இல்லாத ஒன்றைத்தான் நான் எழுத வேண்டும். அப்படி என்னிடம் இருப்பது ஒரே ஒரு சம்பவம். அதில் எனக்குப் பெருமை எதுவும் இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது தனிமையான வேலை. ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். ஞாயிறு பின்னேரம் பிள்ளை குட்டிகளோடு சனம் வரும். ஐஸ்கிறீம் வான் பாட்டுப் போட்டுக்கொண்டு கேற்றடியில் நிற்கும். அன்னப் படகில் ஏறச் சண்டை நடக்கும். திங்கள் முதல் வெள்ளி வரை கரை நெடுகிலும் நீங்களும் கொக்கும்தான். குடையை விரித்துக்கொண்டு வாங்குப் பலகையில் இருக்கும் சோடிகளுக்கு இந்த வாய்க்காலை வெட்டிய ஒல்லாந்தரைப் பற்றி அக்கறை கிடையாது. அவர்களிடம் போய் வரலாறு சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டாம்.

நான் இந்த வேலைக்கு வந்த வருடம்தான் என் மனைவி போய்ச் சேர்ந்தாள். ஒரே மகன் கொழும்பில். காலையில் கேற்றைத் திறந்து பின்னேரம் பூட்டும்வரை ஒரு சொல்லும் பேசாமல் கழிந்த நாட்கள் எத்தனையோ. பேசாமல் இருந்து இருந்து, யாராவது வந்து ஒரு கேள்வி கேட்டால் வாய் தன் பாட்டில் ஓடத் தொடங்கிவிடும். கேட்டதற்கு மேலாக நாலு சொல் சேர்ந்து வரும். இந்த வேலையில் மனிதன் விழுகிற இடம் அதுதான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

எனக்கு வேலை பழக்கியவர் ஒரு மூத்த வழிகாட்டி. பெயர் வேண்டாம், அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். முதல் நாளே என்னை அழைத்துக்கொண்டு கரையோரமாக நடந்தபடி சொன்னார்: "வந்த சனத்தை ஒருநாளும் வெறுங்கையோடை அனுப்பாதையும். எங்கடை வீட்டுக்கு ஒருத்தர் வந்தால் ஒரு வாய் தேத்தண்ணியாவது குடுக்காமல் விடுவமே? இதுவும் அப்பிடித்தான். ஏதாவது கேட்டால் தெரியாது எண்டு மாத்திரம் சொல்லிப்போடாதையும்." நல்ல மனிதர். வெயிலில் எந்தப் பக்கம் நிறுத்திப் பேசினால் சனம் நின்று கேட்கும் என்பதிலிருந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் தண்ணீருக்குக் கிட்டப் போகவிடாமல் எப்படிப் பேச்சில் பிடித்து வைப்பது என்பது வரைக்கும் எல்லாம் அவர்தான் சொல்லித் தந்தார். அந்த ஒரு புத்திமதியைத் தவிர, அவர் சொன்ன மற்ற எல்லாம் சரி.

இரண்டாவது பாலம் தாண்டி மேற்குக் கரைச் சுவரில், முழங்கால் உயரத்தில், கடலிலிருந்து வெட்டியெடுத்த ஒரு முருகைக்கல் இருக்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதில் மேலே மூன்று கோடும் கீழே ஒரு வளைவுமாக ஏதோ செதுக்கியிருக்கும். அது என்னவென்று யாருக்கும் தெரியாது. பதிவு எதிலும் இல்லை. நான் மட்டும் அதற்கு மூன்று கதை வைத்திருந்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கேட்டால் அது ஒல்லாந்தர் தண்ணீர் மட்டம் பார்க்கப் போட்ட அளவுக் குறி. குருநகர்ப் பக்கத்திலிருந்து வரும் கத்தோலிக்கக் குடும்பங்கள் கேட்டால் அது நங்கூரம். கோயிலுக்குப் போய்விட்டு நெற்றியில் திருநீற்றோடு வருபவர்கள் கேட்டால் அது சூலம். எல்லாரும் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள், கல்லுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள். நான் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை என்றே நினைத்தேன். வாய்க்குச் சுங்கமில்லை, பொழுதும் போனது.

ஒரு கார்த்திகை மாதத்துப் பின்னேரம். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஐந்து மணிக்குப் பூட்ட வேண்டும், நாலரை இருக்கும். அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் தனியாக உள்ளே வந்தார். வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்பது காலில் போட்டிருந்த சப்பாத்திலேயே தெரிந்தது. கரைச் சுவரை ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக்கொண்டு கடைசி வரைக்கும் போனார். திரும்பி அதே மாதிரிப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு என்னிடம் வந்து கேட்டார்.

"தம்பி, வெள்ளைக்காரன் காலத்திலை இதைத் திருத்திக் கட்டேக்கை என்ரை அப்பு இஞ்சை கல்லு வேலை செய்தவராம். அம்மாவின்ரை தகப்பன். அம்மா சொல்லுவா. ஏதும் அடையாளம் இருக்கோ?"

எந்த ஊர் என்று கேட்டேன். கீரிமலைப் பக்கம் என்றார். வீடு, வளவு, கிணறு எல்லாம் யுத்தத்தில் போய்விட்டன. போய்ப் பார்த்தபோது எது தங்கள் காணி என்றே பிடிபடவில்லையாம். ஒரு படம்கூட மிஞ்சவில்லை. ஜேர்மனியில் முப்பத்தைந்து வருடம் சமையலறைகளில் கோப்பை கழுவியும் கோழி வெட்டியும் வாழ்ந்தவர். மனைவி இல்லை. ஒரு மகள், அவளோடும் பேச்சில்லை. இவ்வளவையும் ஐந்து நிமிடத்தில், முன்பின் தெரியாத என்னிடம், அந்தப் பாலத்தடியில் நின்று சொல்லி முடித்துவிட்டார்.

முதல் துளி விழுந்தது. எனக்கு ஒரு பக்கம் பாவமாக இருந்தது, மறுபக்கம் வீட்டுக்குப் போகும் அவசரம். இரண்டும் சேர்ந்து என் வாயைத் திறந்தன. "அண்ணை, இஞ்சாலை வாங்கோ" என்று அந்தக் கல்லடிக்கு அழைத்துப் போனேன். "அந்தக் காலத்து மேசன்மார் தங்கடை குழுவுக்கு எண்டு ஒரு குறி வைச்சிருந்தவை. இது உங்கடை பக்கத்து ஆக்களின்ரை குறி. உங்கடை அப்பு இதிலை கை வைச்சிருப்பார்" என்றேன். அது நாலாவது கதை.

அவர் குந்தியிருந்து அந்தக் கோடுகளை விரலால் தடவினார். பிறகு சத்தம் போட்டு அழுதார். வளர்ந்த மனிதன் அப்படி அழுவதை நான் செத்த வீடுகளில்கூடக் கண்டதில்லை. மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. ஐந்து மணி தாண்டியும் நான் அவரை எழுப்பவில்லை. அன்றைக்கு நனைந்துகொண்டு வீட்டுக்குப் போகும்போது, ஒரு நல்ல காரியம் செய்ததாகவே எனக்குத் தோன்றியது. அதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

விடுமுறை முடிந்து அவர் போனார். ஆறு மாதத்தில் அங்குள்ளதையெல்லாம் விட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். புத்தூரில் ஒரு அறை எடுத்துக்கொண்டு, பழைய சைக்கிள் ஒன்றில் தினமும் காலை ஒன்பது மணிக்கு வருவார். முதலில் லேஞ்சித் துணியை வாய்க்கால் தண்ணீரில் நனைத்து அந்தக் கல்லைத் துடைப்பார். பிறகு எதிரே இருக்கும் வாங்கில் வந்து இருப்பார். பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுவருவார், மூடியில் எனக்கு ஊற்றித் தருவார். இரண்டு வருடம் இப்படி நடந்தது.

அந்த இரண்டு வருடமும் எனக்குக் கதைக்க ஒரு ஆள் இருந்தது. அவர் ஜேர்மன்காரரின் உருளைக்கிழங்கைப் பற்றிச் சொல்வார். நான் என் மனைவியின் கடைசி நாட்களைப் பற்றி, மகனிடம்கூடச் சொல்லாததை, அவரிடம் சொன்னேன். அவர் பத்து நிமிடம் பிந்தினால் நான் கேற்றடியில் போய் நின்று தெருவைப் பார்ப்பேன். எனக்கு அவரை அவ்வளவு பிடித்துப்போயிற்று. எத்தனையோ தடவை உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் நாளைக்கு இந்த மனிதன் ஏன் இங்கே வரப்போகிறான் என்று நினைப்பேன், தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவேன்.

ஒருநாள் கல்லைத் துடைத்துவிட்டு எழும்பியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஓட்டோ பிடித்து ஏற்றிக்கொண்டு தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு கிழமை முழுக்க, ஏழு நாள், வைத்திருந்து பார்த்தார்கள். இதயத்தில் அடைப்பு, ஒப்பரேசன் செய்யத்தான் வேண்டும், நாள் கடத்தினால் உத்தரவாதம் இல்லை என்று டொக்டர் சொன்னார். மகளின் நம்பரை அவரிடம் கெஞ்சி வாங்கி நான்தான் கூப்பிட்டேன். பத்து வருடம் பேசாமல் இருந்த பெண், நாலாம் நாள் வந்து நின்றாள்.

ஜேர்மனி ஆஸ்பத்திரியில் ஒப்பரேசனுக்கு நாள் எடுத்து வைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். வெள்ளிக்கிழமை விமானம், இரண்டு பேருக்கும் ரிக்கெற். ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் பழையபடி கல்லடிக்கு வரத் தொடங்கியிருந்த அவர், மாட்டேன் என்றுவிட்டார்.

"முப்பத்தைஞ்சு வருசம் அங்கை ஒருத்தருமில்லாமல் இருந்தனான். இஞ்சை எனக்கு ஒரு கல்லாவது இருக்கு" என்றார். மகளுக்கு முன்னால், என்னைப் பார்த்துச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் தனியாகப் பூங்காவுக்கு வந்தாள். நுழைவுச்சீட்டுக் கொடுக்கும் கூண்டுக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தி, கைத்தொலைபேசியில் ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினாள். யாரோ சுற்றுலா வந்தவர்கள் எடுத்துப் போட்டது. அதில் நான் நிற்கிறேன். அந்தக் கல்லைக் காட்டி, இது அந்தக் காலத்து மாலுமி ஒருவன் நேர்த்திக்கு வெட்டி வைத்த நங்கூரம் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறேன். என் குரல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

"அங்கிள், எது உண்மை?" என்று கேட்டாள். தமிழ் அவளுக்குத் தட்டுத் தடுமாறித்தான் வந்தது. "அப்பாவின்ரை கதையோ, இதோ?"

"ரண்டும் இல்லை பிள்ளை" என்றேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். "நான் இதை இன்னும் அப்பாவுக்குக் காட்டேல்லை. நான் காட்டினால், கூட்டிக்கொண்டு போறதுக்காக நான் ஏதோ செய்யிறன் எண்டு நினைப்பார். நீங்கள் சொன்னால்தான் நம்புவார். வெள்ளிக்கிழமை பிளேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

தம்பி, தங்கச்சிமாரே, இந்த வேலையில் அவசரம் என்றால் பிள்ளை தண்ணீருக்குள் விழுவது, பாலத்துக் கைபிடி உடைவது என்றுதான் உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். அதற்கெல்லாம் கயிறும் மிதவையும் இருக்கிறது. என்னிடம் இருந்தது இரண்டு நாள். சொல்லாவிட்டால் அந்த மனிதன் நான் கட்டிய பொய்யடியில் கிடந்து செத்துப்போவார். சொன்னால் உயிரோடு இருப்பார், ஆனால் அவருக்கென்று இந்த ஊரில் இருந்த ஒன்றே ஒன்றும் போய்விடும். எனக்கும் அவர் இல்லாமல் போய்விடுவார். கடைசியாக எழுதியதுதான் என் மனதில் முதலாவதாக வந்தது.

ஆகவே புதன்கிழமை நான் குறுக்கு வழி தேடினேன். பொய்யையும் காப்பாற்றி ஆளையும் அனுப்பிவிடலாம் என்று பார்த்தேன். "அண்ணை, கல்லு எங்கையும் ஓடாது. போய் ஒப்பரேசனைச் செய்துகொண்டு சுகமாத் திரும்பி வாங்கோவன். நான் துடைச்சு வைக்கிறன்" என்றேன்.

அவர் சிரித்தார். "திரும்பாமல் விட்டால்? அங்கை ஒரு பெட்டிக்கை வைச்சு எரிச்சுப்போட்டு விடுவினம் தம்பி. செத்தாலும் அப்புவின்ரை கல்லுக்கு முன்னாலை சாவம். நீர்தானே அவரைக் கண்டுபிடிச்சுத் தந்தனீர்" என்று என் தோளில் தட்டினார்.

வியாழக்கிழமை காலை அவர் கல்லைத் துடைக்கத் தொடங்குவதற்கு முன்பே போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வழியில்லை என்று அதற்குள் தெரிந்துவிட்டது.

"அண்ணை, இந்தக் கல்லைப் பற்றி நான் உங்களுக்குச் சொன்னது எனக்குத் தெரிஞ்சு சொன்னதில்லை. கட்டிச் சொன்னது."

"பகிடி விடாதையும்."

"பகிடி இல்லை. இது ஆர் போட்ட குறி எண்டு எனக்குத் தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது. வாற ஆக்களுக்கு ஏத்த மாதிரி ஒவ்வொரு கதை சொல்லுவன்."

அவர் கையில் லேஞ்சி ஈரமாக இருந்தது. "அப்ப அப்பு இஞ்சை வேலை செய்யேல்லையோ?"

"செய்திருக்கலாம். செய்யாமலும் இருக்கலாம். அதுவும் எனக்குத் தெரியாது அண்ணை."

"ஏன் சொன்னனீர்?"

"மழை வாற மாதிரி இருந்தது. உங்களை வெறுங்கையோடை அனுப்பக் கூடாது எண்டு நினைச்சன்" என்றேன். அதைவிடப் பெரிய காரணம் எதுவும் என்னிடம் இருக்கவில்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் கல்லைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ரண்டு வருசமா நான் ஆரின்ரை கல்லைத் துடைச்சுக்கொண்டு இருந்தனான்?" என்று கேட்டார். பதிலுக்காக நிற்கவில்லை. லேஞ்சியைப் பிழிந்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கேற்றை நோக்கி நடந்தார். கேற் வரைக்கும் நல்ல தூரம், மெதுவாகத்தான் நடந்தார். இடையில் இரண்டு தரம் மூச்சு வாங்க நின்றார். ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும் போல் இருந்தது. ஆனால் பிடிக்கிற உரிமையை நான் சற்று முன்புதான் இழந்திருந்தேன். பிளாஸ்க் வாங்கிலேயே இருந்தது. அதை மகள் வந்து எடுத்துப் போனாள்.

வெள்ளிக்கிழமை போய்விட்டார்கள். இரண்டு கிழமையில் மகளிடமிருந்து ஒரு தகவல் வந்தது. ஒப்பரேசன் நல்லபடியாக முடிந்தது, அப்பா எழும்பி நடக்கிறார், நன்றி அங்கிள் என்று எழுதியிருந்தாள். அந்த நன்றியை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். அதற்கு நான் உரித்துடையவனா என்று இன்றைக்கும் முடிவு செய்ய முடியவில்லை.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் வேலை பார்த்துத்தான் ஓய்வு பெற்றேன். அந்தக் கல்லடியில் சனத்தை நிறுத்துவதில்லை. யாராவது தாங்களாகவே கண்டுவிட்டு என்னவென்று கேட்டால், "தெரியாது" என்பேன். பலருக்கு முகம் சுருங்கிவிடும். ஒரு பள்ளிக்கூட வாத்தியார், "வழிகாட்டி எண்டு இருந்துகொண்டு உது தெரியாதோ?" என்று பிள்ளைகளுக்கு முன்னால் கேட்டார். ஓம் ஐயா, தெரியாது என்றேன். அந்த அவமானம் ஒரு நிமிடத்தில் ஆறிவிட்டது. உங்களுக்கும் கேட்பார்கள், உங்களுக்கும் ஆறிவிடும்.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். நம்மிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் பொழுதுபோக்க வருகிறார்கள். மற்றவர்கள் எதையோ தொலைத்துவிட்டு வருகிறார்கள். யார் எவர் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பொழுதுபோக்க வந்தவன் உங்கள் பொய்யை ஐஸ்கிறீமோடு சேர்த்து மறந்துவிடுவான். மற்றவன் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் அதன்மேல் வாழத் தொடங்கிவிடுவான். வெறுங்கையோடு போகிறவனுக்கு வெறுங்கை மட்டும்தான் பாரம். அவனை அப்படியே போகவிடுங்கள், கூடவே கேற் வரைக்கும் நடந்து போங்கள். அது போதும்.

எழுத வேண்டியது இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒன்றை மறைத்துவிட்டு உங்களுக்குப் புத்தி சொல்வது மறுபடியும் பழைய வேலையாகிவிடும்.

ஒப்பரேசன் முடிந்து நாலைந்து மாதம் இருக்கும். பூங்காவில் ஆளில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அவருக்குப் போன் எடுத்தேன். நீண்ட நேரம் மணி அடித்தது.

"ஆர்?"

"நான்தான் அண்ணை. வாய்க்காலடியிலை இருந்து."

"சொல்லுங்கோ." முன்பென்றால் தம்பி என்று கூப்பிட்டிருப்பார்.

உடம்பைப் பற்றிக் கேட்டேன். இருக்கிறேன் என்றார். மகளைப் பற்றிக் கேட்டேன். நன்றாகப் பார்க்கிறாள் என்றார். வைத்துவிடுவார் என்ற பயத்தில் அவசரமாகச் சொன்னேன்.

"அண்ணை, கல்லுத்தான் பொய். அந்த ரண்டு வருசமும் உங்களோடை இருந்து கதைச்சது பொய்யில்லை. நீங்கள் பிந்தினால் நான் கேற்றடியிலை வந்து நிண்டது பொய்யில்லை. என்ரை மனிசியைப் பற்றிச் சொன்னதெல்லாம் உண்மை."

கோபமே இல்லாத களைத்த குரலில் சொன்னார்:

"அதையும் நீங்கள்தானே சொல்லுறியள்."